இளவரசியின் துணி துவைத்தவள்

ஐஷன்வால்ட் அரண்மனையில் இளவரசிக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறதா இல்லையா என்பது அவள் கணவரான பிரபுவுக்கும் வைத்தியருக்கும் முன்னால் சலவைக்காரி ஓட்டிலிக்குத்தான் தெரியும். இதில் என்ன மந்திரம்? மாதத் தீட்டுத் துணி சலவைக்கு வந்தால் இல்லை, வராவிட்டால் உண்டு. மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அவள் அந்தப்புர மேலாளர் டார்ஃபெல்ட் அம்மாளிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். சொன்னால் நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கோப்பை காப்பி தருவார்கள்.

ஓட்டிலி பதினான்கு வயதில் சாம்பல் நீர் சுமக்க வந்தவள். கட்டியவன் லாயத்தில் குதிரை உதைத்துச் செத்தான். பெற்ற இரண்டும் அம்மையில் போயின. அரண்மனையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற ஒரே சலவைக்காரி என்ற பெருமைதான் அவளுக்கு மிஞ்சியது. அதையும் சும்மா வைத்திருக்கமாட்டாள், பத்துப் பேரிடம் சொல்லிக்கொள்வாள்.

டென்மார்க்கிலிருந்து வாழ வந்த இளவரசி ஹெட்விக்குக்கு அது நான்காவது வருடம். இரண்டு முறை உண்டாகி இரண்டும் கலைந்துவிட்டன. இந்த வருடமும் பிள்ளை இல்லையென்றால் அவளை ஏரிக்கரைக் கோட்டைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. ஏரிக்கரைக் கோட்டைக்குப் போன எந்தப் பெண்ணும் திரும்பி வந்ததில்லை.

அக்டோபரில் துணி வந்தது. ஓட்டிலி அதைக் குளிர்ந்த நீரில் போடப்போனவள் அப்படியே நின்றாள். கறை மேலோடு மட்டும் இருந்தது, அடிமடிப்புக்கு இறங்கவேயில்லை. ரொட்டியின்மேல் குழம்பை ஊற்றியதுபோல வட்டமாகப் பரவியிருந்தது. போதாததற்கு மடிப்புக்குள் புறாவின் பூஞ்சிறகு ஒன்று!

"அடிப் பாவி மகளே!" என்றாள் வாய்விட்டு.

"என்னக்கா, துணியைப் போய் மோந்து பாக்குறே?" என்று பக்கத்துத் தொட்டியிலிருந்து பாபெட் கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. உன் வேலையைப் பாரு."

தன் துணியைத் தானே ஒரு நாளும் அலசிப் பார்த்திராதவளுக்கு ரத்தம் எப்படி ஊறும் என்று எங்கே தெரியும்? புறா ரத்தத்தை ஊற்றி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாள். ஆனால் எதற்கு? பிள்ளை வேண்டும் என்று தவம் கிடக்கிறவள் உண்டானதை ஏன் ஒளிக்க வேண்டும்? ஓட்டிலியின் புத்தி நேரே கெட்ட வழிக்குத்தான் போனது. எவனோ இருக்கிறான் என்று நினைத்தாள். நாட்டிய ஆசிரியனா, புதிதாக வந்த படம் வரைகிறவனா? அன்று முழுக்கத் துணியைப் பிழிந்தபடியே மாளிகை ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி நாள் எண்ணினாள். பிரபு வியன்னாவுக்குக் கிளம்பியதே செப்டம்பர் கடைசியில்தான். கணக்கு அவரிடமே வந்து நின்றது. ஏன் ஒளிக்கிறாள் என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்தபோது, உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். மறைத்தது தெரிந்தால் முப்பது வருட வேலை போய்விடுமே.

டார்ஃபெல்ட் அம்மாள் வழக்கத்துக்கு மாறாக நெருங்கி உட்கார்ந்தாள். "என்ன ஓட்டிலி, வந்துச்சா வரலையா? பெரிய ராணியம்மா காலையிலேர்ந்து ரெண்டு தடவை ஆள் விட்டுட்டாங்க."

"அவங்களுக்கு என்னம்மா அவ்ளோ அவசரம்?"

"அக்கறைதான்! போன ரெண்டு தடவையும் நீ வந்து சொன்ன அன்னிக்கே தன் கையால கஷாயம் காய்ச்சி அனுப்பினாங்களே, ஞாபகமில்ல? இந்தத் தடவையும் மூலிகையை வாங்கி வெச்சுட்டுக் காத்திருக்காங்க."

ஓட்டிலி கோப்பையைக் கீழே வைத்தாள். பெரிய ராணி பிரபுவுக்கு மாற்றாந்தாய். பிரபுவுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் அவள் வயிற்று மகனுக்குத்தான் பட்டம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை! இரண்டு முறையும் ஓட்டிலி போய்ச் சொன்னாள், கஷாயம் போனது, பத்தே நாளில் பிள்ளை கலைந்தது. கஷாயத்தில் என்ன இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் இளவரசி யாருக்குப் பயந்து புறாவை அறுத்தாள் என்பது ஓட்டிலிக்கு இப்போது புரிந்தது. எனக்குப் பயந்து, என் வாய்க்குப் பயந்து!

"வந்துச்சும்மா," என்றாள். "எப்பவும் போலத்தான்."

நவம்பரில் தேய்த்த துணிகளை எடுத்துக்கொண்டு அவளே இளவரசியின் அறைக்குப் போனாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "ராணியம்மா, மேலே ஊத்தாதீங்க. நனைச்சு, மடிச்சு, மேல உக்காந்து எழுந்திருங்க. அப்பத்தான் ஊறும். சிறகு ஒட்டாம பாத்துக்கோங்க."

இளவரசியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "உன்னை அனுப்பினது யாரு?"

"யாரும் இல்லம்மா. சத்தியமா நானாத்தான் வந்தேன்."

"இதையும் அங்க போய்ச் சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன் தாயி."

"போன ரெண்டு தடவை சொன்னியே."

ஓட்டிலி துணியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த மாதத் துணி நன்றாகவே ஊறியிருந்தது. டிசம்பரிலும் அப்படித்தான். மூன்று முறையும் ஓட்டிலி கூசாமல் பொய் சொன்னாள். ஜனவரியில் பிரபு திரும்பினார். இளவரசி நிறை சபையில் அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். அன்று முதல் பிரபுவின் சொந்தச் சமையல்காரன் சமைத்ததைத் தவிர எதையும் அவள் வாயில் வைக்கவில்லை.

ஜூனில் ஆண் பிள்ளை பிறந்தது. ஊரெல்லாம் மணி அடித்தார்கள். வழக்கப்படி குழந்தைத் துணி மூத்த சலவைக்காரிக்குத்தான் வர வேண்டும். ஓட்டிலி புதுத் தொட்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இளவரசியின் உத்தரவு வந்தது. குழந்தைத் துணியைப் பாபெட் துவைக்கட்டும், ஓட்டிலி அதைத் தொடக் கூடாது.

பாபெட்டுக்கே மனசு ஆறவில்லை. "முப்பது வருஷம் உழைச்சவளுக்கு இதுவா மரியாதை? நன்றி கெட்டவங்கக்கா!"

"வாயை மூடுடி," என்றாள் ஓட்டிலி. கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை. "அவங்க இடத்துல நான் இருந்தாலும் என் கையில குடுத்திருக்கமாட்டேன்."