தறப்பாளுக்குள் ஒளிந்தவர்கள்

கடந்த வெள்ளிக்கிழமை செட்டிபாளையத்தில் ஒரு முப்பத்தோராம் நாள் கிரியை. பதிகம் பாட என்னை அழைத்திருந்தார்கள். இறந்தவர் தவம் என்ற மீனவர். மைத்துனர் யோகனோடு கடலுக்குப் போய், இஞ்சின் பழுதாகி, நான்கு நாட்கள் நீரோட்டத்தில் அலைந்தவர். நான்காம் நாள் மாலை வேறு மீனவர்கள் படகைக் கண்டபோது யோகனுக்கு மட்டுமே உயிர் இருந்தது.

சுனாமிக்குப் பின் இந்தப் பத்திரிகையின் இதே பத்தியில் நான் எழுதியது சிலருக்கு நினைவிருக்கலாம். வானத்திலிருந்து கடலைப் பார்த்திருக்க ஒரு கண் இருந்திருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று புலம்பியிருந்தேன். அந்தக் கண் பிறகு வந்தது. ஆனால், போரோடு வந்தது... ஆளில்லா விமானம். அதன் இரைச்சலைக் கேட்டு எங்கள் மக்கள் 'வண்டு' என்றார்கள். வண்டு சுற்றினால் சற்று நேரத்தில் ஷெல் விழும். இதைக் கற்றுக்கொள்ள யாருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்?

போர் முடிந்துவிட்டது. இப்போது அதே விமானம் காணாமற்போன படகுகளையும் தேடுகிறதாம். இரண்டாம் நாளே அனுப்பியதாகவும், ஆளில்லாத படகு ஒன்றே தென்பட்டதால் வேறிடத்தில் தேடியதாகவும் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தார்.

படையல் முடிந்து அமர்ந்திருந்தோம். தவத்தின் மனைவி மலர் — யோகனின் தங்கை — அந்தப் பேச்சை மீண்டும் எடுத்தார்.

"பச்சைப் பொய் ஐயா! ரெண்டு ஆம்பிளையள் இருந்த போட் எப்பிடி வெறும் போட்டாத் தெரியும்?"

யோகன் தலை நிமிராமல் சொன்னார்: "வண்டு வந்தது புள்ள."

மலர் அண்ணனைப் பார்த்தார். யோகன் தொடர்ந்தார்:

"மத்தியானம். சத்தம் கேட்டதும் தவம் போட்டிருந்த சேட்டைக் கழட்டி ஆட்டிக் காட்ட எழும்பினான். நான்தான் காலைப் பிடிச்சி இழுத்து விழுத்தினன். 'படு மச்சான், வண்டு!' எண்டன். வலை மூடுற தறப்பாளை ரெண்டு பேருக்கும் மேலால போட்டன். 'சண்டை முடிஞ்சிதானே மச்சான்' எண்டான். 'ஆரு உனக்குச் சொன்ன?' எண்டு கேட்டன். மூண்டு தரம் சுத்திச்சி... போயிட்டு."

மேலிருந்து பார்த்த கருவிக்கு என்ன தெரிந்திருக்கும்? மூடிவைத்த வலைக்குவியல்.

மலர் அலறுவார், அண்ணனை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "பிறகு அவர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சான். 'நல்லாத்தான் ஒளிச்சிருக்கம் மச்சான்' எண்டான்."

"அந்தாள் ஆரு என்ன சொன்னாலும் நம்புறவரு... நானெண்டா உன்னைப் போலத்தான் படுத்திருப்பன் அண்ண." பிறகு என் பக்கம் திரும்பினார். "பேப்பர்ல எழுதுங்க ஐயா. இனி ஆரும் அப்பிடிக் கடல்ல கிடந்தா எழும்பி நிக்கட்டும்."

மீதிப் பதிகத்தைத் தொடங்கினேன். இறைவனின் கடைக்கண் பார்வையை வேண்டும் அடி வந்தபோது குரல் நின்றுவிட்டது. பார்வை படாதா என்று இறைஞ்சவே என் நாவு பழகியது. பார்வை பட்டுவிடுமோ என்று அஞ்சவே எங்கள் உடல் பழகியது.

ஆயினும் மலருக்காக எழுதுகிறேன். கடலில் தத்தளிப்பவர்களே, அந்த இரைச்சல் கேட்டால் எழுந்து நில்லுங்கள். கையில் கிடைத்ததை எடுத்து ஆட்டிக் காட்டுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது என் வீட்டருகே வாவிக்கு மேலே அதே இரைச்சல்.

எழுந்து நிற்கச் சொன்ன நான்... மேசைக்குக் கீழே இருந்தேன்.