மைதாப் பசைக்கு அடியில்

எழுபதுகளின் தொடக்கத்தில் பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் குமாஸ்தா. புதிதாக வரும் புடவைக் கரை ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிள் துண்டை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் உறுப்பினர் பெயரை எழுதி வைக்க வேண்டும். அந்த வேலையில் எனக்கிருந்த அக்கறைக்கு, பசையோடு சேர்ந்து நோட்டில் ஒட்டிக்கொண்ட இரண்டு ஈக்களே சாட்சி.

துண்டோடு ஒரு சீட்டும் குத்தி வரும். எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற விவரம். அதை நோட்டில் அழகாகப் பார்த்தெழுத வேண்டும் என்பது விதி. சீட்டைத் துணிக்கு அடியில் வைத்து ஒட்டிவிட்டால் எழுதும் வேலை மிச்சம் என்பது என் கண்டுபிடிப்பு.

ஒரு நாள் காலை, உறுப்பினர் ஒருவரின் மனைவி வந்து நின்றார். பின்னாலேயே கணவரும்.

"திருவள்ளூர்ல டிசைன் சொல்லிக்குடுக்க ஆள் எடுக்கறாங்களாம் சார். நான் போட்ட கரையெல்லாம் காட்டணும். அந்த நோட்டு வேணும்."

புரட்டினேன். பதினோரு கரைகள். பதினொன்றிலும் கணவர் பெயர்.

"உங்க பேரே இல்லையேம்மா."

"எய்தனது யாரு? நீங்கதானே!" என்றார். "அவரு நெய்வாரு, இல்லேங்கல. செவப்பையும் பச்சையையும் ஒட்டி வெச்சா கண்ணு எரியும்னு நடுவுல ரெண்டு இழை கறுப்பு உட்டது நானு. இப்ப வெறும் வாயால சொன்னா அங்க எவன் நம்புவான்?"

"நெசந்தான் சார்," என்றார் கணவர். "எனக்குக் கலரே புரியாது. கட்டற வேட்டியக்கூட இவதான் எடுத்துக் குடுக்கறா."

"வேட்டி வெள்ளைதானே?"

"அதுலயும் தப்பு பண்ணுவேன் சார்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு துண்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இன்னா சார் இது, இவ்ளோ தடிப்பா கீது?"

அடியில் சீட்டு இருப்பதை ஒப்புக்கொண்டேன். ஈரத்துணியால் ஒற்றி மெதுவாகத் தூக்கினோம். அடியில் சீட்டு. பென்சிலில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. அடித்தது, திருத்தியது எல்லாம் அப்படியே.

"என் கையெழுத்து," என்றார்.

கணவருடையது இல்லை என்பதற்கு உறுப்பினர் பதிவேடே போதும். அதில் அவர் வைத்திருந்தது கைநாட்டு. பதினோரு சீட்டும் வெளியே வந்தன.

"சோம்பேறியா இருந்தாலும் பத்திரமா வெச்சிக்கினு இருந்தீங்களே சார்," என்றார் அந்த அம்மா. பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒவ்வொரு கரைக்கும் பக்கத்தில் அவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். செயலாளரிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. நோட்டு கணவரின் தோள்துண்டில் சுற்றப்பட்டு பஸ்ஸில் திருவள்ளூர் போய், அந்த அம்மாவுக்கு வேலையோடு திரும்பியது.

அது திரும்பி வந்த அன்று சாயங்காலம் எனக்கு முன்பிருந்த குமாஸ்தாவின் நோட்டை எடுத்தேன். பொறுப்பான மனிதர். எல்லாச் சீட்டையும் முத்து முத்தாகப் பார்த்தெழுதிவிட்டுத் தூக்கிப் போட்டிருந்தார். ஒரு கரையில் நீலத்துக்குள் ஒற்றை மஞ்சள் இழை, இருட்டில் வத்திக்குச்சி கிழித்த மாதிரி. பக்கத்தில் ஓர் ஆணின் பெயர். துணியைத் தடவிப் பார்த்தேன். தடிப்பே இல்லை.