மூன்று தளங்களும் என் பழைய பதிவும்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு சிறிய நூலகத்தில், சனிக்கிழமை காலைகளில் பதின்மூன்று வயது முதலாம் படிவ மாணவர்களுக்குத் தகவல் தேடச் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லூரிப் படிப்பெல்லாம் எனக்கில்லை. நானாகத் தட்டித் தடவிக் கற்றதுதான். மூன்று இணையத்தளங்கள் ஒன்றையே சொன்னால் நம்பலாம் என்பது நான் வகுத்த விதி.

வரலாற்றுப் போட்டிக்கு என் மாணவி யமுனா எழுதிய கட்டுரையில், எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி முதலில் ஒரு கடைவீட்டில் நடந்தது என்றிருந்தது. தளங்களோ ரப்பர்க் கிடங்கு என்றன.

"மூணுலயும் கிடங்குன்னுதானே இருக்கு? மாத்தும்மா. திங்கக்கிழம இப்படியே குடுத்தா பரிசு போயிடும்" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன்.

"மூணும் ஒண்ணுதான் சார்" என்றாள்.

கணினியில் மூன்றையும் திறந்து காட்டினாள். ஒரே படம், ஒரே வாக்கியங்கள். தேதி பார்த்துப் பார்த்து அவள் பின்னோக்கிப் போய் நின்ற இடம், மூன்றும் நகலெடுத்திருந்த என்னுடைய பழைய ஃபேஸ்புக் பதிவு. கடையில் தே தாரிக் தேநீர் குடிக்கும்போது யாரோ சொன்னதை நான் அப்படியே எழுதியிருந்தேன்.

பிறகு அலமாரியிலிருந்து பள்ளியின் பழைய ஆண்டுமலரை எடுத்து வந்தாள். முதல் தலைமையாசிரியரே எழுதிய கட்டுரை. பக்கத்தில் அந்தக் கடைவீட்டின் படம்.

"சார் மாட்டிக்கிட்டாரு லா" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும்தான்.

யமுனாவிடம் மார்க்கரைக் கொடுத்து, கண்டுபிடித்த விதத்தைப் பலகையில் எழுதச் சொன்னேன். மாணவர்களோடு உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அன்றே என் பதிவையும் திருத்தினேன். அவள் ஒரு வரியும் மாற்றாமல் ஒப்படைத்த கட்டுரைக்கே முதல் பரிசு.

எனக்குப் பாடம் நடத்த வருமா என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்தது. நான் சொன்னதையே சோதித்துப் பார்க்க ஒருத்தி என் வகுப்பில் எழுந்து நின்றாளே, அன்றோடு அது தீர்ந்தது.