ரோமை எனக்குக் காட்டியவள்

இன்று காலை ஒரு பெண்ணையும் அவள் அப்பாவையும் என் வாடகைக் காரில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனேன். ரோமில் ஒரு வீட்டில் வயதான ஓர் அம்மாவைக் கவனிக்கும் வேலைக்குப் போகிறாள். வழியெல்லாம் அழுகை.

"எஸ்குயிலினோ மார்க்கெட்டுல கறிவேப்பில கிட்டும் மக்கா. ட்ரஸ்தேவரே பக்கம் சந்து சந்தா இருக்கும், ஆத்தப் பாத்து நடந்தா வழி தப்பாது" என்றேன்.

அழுகை நின்றது. "அண்ணன் அங்க இருந்தியளா?"

"இல்ல. என் வீட்டுக்காரி இதே வேலை பாத்தா. லீவு நாள்ல வீடியோ கால் போட்டு, போனைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு ஏரியாவா நடந்து எனக்குக் காட்டுவா."

"மைனி இப்பம் எங்க?"

போன வருடம் அவளைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் இனயத்தில், சர்ச் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். விமானம் ஏறப்போகிற பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஊருக்கு வந்துட்டா" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் அவள் அப்பா. "இனி அங்க விடாதிய."

"விடமாட்டேன்" என்றேன்.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, காரை ஓரமாக நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

ரோமில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களே, அந்தப் பிள்ளையோடு கூட நடக்க யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். எனக்கு வழி சொல்ல மட்டும்தான் தெரியும்.