திருப்பி எறிந்த ஆலங்கட்டி

ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் ஓசூருக்கு வந்தபோது, பாத்திரம் பண்டங்களோடு தலைக்கனத்தையும் கொண்டுவந்தேன். நான் பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரத்தில். புயலில் ஒரு தோப்பே படுத்துக் கிடந்ததையும், தெருவுக்குள் கடல் தண்ணீர் வந்ததையும் நேரில் பார்த்தவள். ஓசூரில் மழை என்றால் தூறல், காற்று என்றால் குளிர். இதையெல்லாம் ஒரு பொருட்டாக நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

என் கணவர் ரோடு ஓவர்சியர். காலையில் சைக்கிளில் ஜூஜுவாடிப் பக்கம் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். எங்கள் தெருவில் மொத்தம் ஒன்பது வீடுகள். பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கு பேசினார்கள், மீதிப் பேர் கன்னடம். என்னிடம் மட்டும் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். கிணற்றடியில் அவர்கள் தண்ணீர் சேந்தி முடிக்கும்வரை நான் புயல் கதை சொல்வேன். ஒவ்வொரு தடவையும் ஒரு தென்னை மரம் கூடுதலாக விழும். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு என்னைவிட இருபது வயது கூட இருக்கும். பேரிகைக் கிராமத்துப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் கேழ்வரகு நிலமும், ஊரை ஒட்டி ஒரு சின்ன மாந்தோப்பும் இருந்தன. சித்திரை மாதம் ஒருநாள் மத்தியானம், நான் வாசலில் வடகம் பிழிந்து காயவைத்திருந்தேன். அவர் தெருவைத் தாண்டி வந்து, மேற்கே மஞ்சளும் கறுப்புமாகக் கிடந்த வானத்தைக் காட்டினார்.

"ஏம்மா, மேக்க பாத்தியா? வடகத்த எடுத்து உள்ளார வெச்சிடு. துணியயும் எடுத்துடு."

எங்கள் ஊரில் இந்த மேகத்தைப் பார்த்தால் மாடுகூடக் கொட்டிலுக்குத் திரும்பாது என்றேன். இன்று எழுதும்போதும் காது சுடுகிறது. அவர் தன் வீட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டார்.

அரைமணி நேரத்தில் காற்று கிளம்பியது. வெயில் போன இடம் தெரியவில்லை. நான் அடுக்களையில் இருந்தேன். மேலே ஓட்டில் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு. ஓர் ஓடு உடைந்து, துண்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. ஆலங்கட்டி மழை என்று ஒன்று உண்டு என்பது எனக்குச் சொல்லளவில்கூடச் சரியாகத் தெரியாது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பேச்சைக் கேட்கவில்லை என்ற கோபத்தில் எதிர்வீட்டு அம்மாள் கல் எறிகிறார்.

வாசலுக்கு ஓடினேன். நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கல் காலடியில் கிடந்தது. எடுத்து, அவர் வீட்டு வாசலைப் பார்த்து ஓங்கி எறிந்தேன். எறிந்த பிறகுதான் கை விறைத்திருப்பது உறைத்தது. கல் எங்காவது இப்படிச் சில்லென்று இருக்குமா என்று யோசிப்பதற்குள் உச்சந்தலையில் ஒன்று விழுந்தது. அப்புறம் வானமே கொட்டியது. புயலைப் பார்த்தவள், வடகத்துக்கு நடுவில் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ என் தலைமேல் ஒரு கூடையைக் கவிழ்த்தார்கள். சாணி வாசம் அடித்தது. எதிர்வீட்டு அம்மாள்தான். தன் தலையிலும் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று அவர் வீட்டுக்குள் இழுத்துப் போனார். முறத்தில் விழுந்திருந்த கட்டிகளைத் துணியில் முடிந்து என் தலை வீக்கத்தில் வைத்து அழுத்தினார். "ஆலிக்கல்லு மழம்மா இது. உங்க ஊருல இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன், வலித்தது.

மழை கால்மணி நேரம்கூட நீடிக்கவில்லை. தெருவே உப்பளம்போல வெளுத்துக் கிடந்தது. எங்கள் அடுக்களைக் கூரையில் பாதி ஓடு போயிற்று. எதிர்வீட்டு அம்மாளுக்குப் போனது வேறு. தோப்பில் முற்றாத மாங்காய் அத்தனையும் தரையில் கிடந்தது. என் தலையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு அது தெரிந்தேதான் இருந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருதரம் காய்ப்பது. சாயங்காலம் அவரும் புருஷனும் கூடைகூடையாக அடிபட்ட காயைக் கொண்டுவந்து, உப்புப்போட வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். எனக்கும் ஒரு கூடை வந்தது.

அந்தக் கூடையைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் போய், அன்றைக்கு நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். அவர் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"கதவுல வந்து விழுந்துச்சே, அது நீ எறிஞ்சதா? நான் மழன்னு இல்ல நெனச்சேன்."

பிறகு சிரித்தார். உள்ளே இருந்த புருஷனைக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னார். அவரும் சிரித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஒன்பது வீட்டுக்கும் செய்தி மூன்று பாஷையில் போய்விட்டது.

இதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். அந்தக் கார்த்திகையில், கடலில் புயல் கிளம்பி மேற்கே வருகிறது என்று காப்பி ஓட்டல் ரேடியோவில் சொன்னார்களாம். தெருவே என் வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டு அம்மாளே கேட்டார்: "இது உங்க ஊரு காத்து. என்னா பண்ணணும், நீயே சொல்லு."

சொன்னேன். ஆண்களைக் கூரையில் ஏற்றி, குறுக்கே கயிறு கட்டி, மணல் மூட்டைகளை அடுக்கச் செய்தேன். இரண்டு நாளுக்குப் புளிச்சோறு கிளறச் சொன்னேன். மாடுகளை மேட்டுக்கு ஓட்டச் சொன்னேன். மேடு எது என்று கேட்டதற்கு, ஊரே மேட்டில்தான் இருக்கிறது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். ஜன்னல்களைச் சாக்கால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஒன்றரை நாள் தூறியது. காற்று, கொடியில் கிடந்த துண்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தது. ஆனால் எல்லா வீட்டிலும் ஒழுகியது. கூரையேறி மூட்டை வைத்ததில் நொறுங்கிய ஓடுகள், சித்திரையில் ஆலங்கட்டி உடைத்ததைவிட அதிகம். என் கணவர் ஓவர்சியர் ஆயிற்றே, தெரு முழுக்கக் கணக்கெடுத்துவந்து சொன்னார். புளிச்சோற்றை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பேப்பரில், எங்கள் கடற்கரையில் புயல் பலமாக அடித்திருப்பதாகப் போட்டிருந்தார்கள். தந்திக் கம்பிகள் அறுந்துகிடந்தன. அப்பாவிடமிருந்து ஒரு வரி இல்லை. கிணற்றடியில் நான் வாய் திறக்கவேயில்லை. என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, கடுதாசி வந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அம்மாள் தினமும் களியும் கீரையும் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

எட்டாம் நாள் கார்டு வந்தது. எல்லோரும் சுகம், மாட்டுக்கொட்டில் மட்டும் போயிற்று என்று அப்பா எழுதியிருந்தார். கடைசியில், உங்கள் பக்கமும் காற்று அடித்ததாமே, வீட்டுக்குச் சேதம் உண்டா என்று கேட்டிருந்தார்.

அப்போது என் கணவர் கூரைமேல் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் கார்டு எழுத உட்கார்ந்தேன். ஓடுகள் நிறைய உடைந்துவிட்டன, இப்போது சரிசெய்கிறோம் என்று எழுதினேன். எப்படி உடைந்தன என்பதற்குக் கார்டில் இடம் போதவில்லை.