மாரியம்மாள் வண்டியைத் தூக்கிய சனிக்கிழமை

மணமேல்குடி கடைத்தெருவில் ஒரு கேலி உண்டு. முத்துமாரியம்மாள் வருவதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும் என்பார்கள். அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவளும், "மூக்கு இருக்கவுகளுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுவாள்.

வயது நாற்பத்தாறு. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. சேலைக்கு மேல் கணவனுடைய பழைய முழுக்கைச் சட்டை. பைக்கின் பின்னால் வெள்ளை மீன் பெட்டி. விடியும் முன் கோவிலில் ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டுக் கரைக்குப் போய் மீன் எடுப்பாள். அறந்தாங்கிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாக விற்று, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள்.

போன வருஷம் ஆடி வரை இந்த வியாபாரம் அவள் கணவர் அடைக்கலத்துடையது. மீன் பெட்டியிலிருந்து இறங்கும் உப்புத் தண்ணீர் வண்டியைச் சும்மா விடாது. அது சொட்டிச் சொட்டி செண்டர் ஸ்டாண்டு அரித்துப்போய், ஒரு நாள் நடுரோட்டில் கழன்றே விழுந்துவிட்டது. சைடு ஸ்டாண்டை வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கழற்ற முடியுமா? அடைக்கலம் எங்கிருந்தோ ஒரு ஜாக்கி வாங்கி வந்தார்.

அவர் செய்த தப்பு ஒன்றுதான். வாசலில் தினமும் பெட்டியைக் கவிழ்த்துக் கழுவுகிற இடம் ஒன்று உண்டு. உப்புத் தண்ணீர் காய்ந்து காய்ந்து, அங்கே மண் பொருக்குத் தட்டி சிமெண்டுத் தரை போல இருக்கும். அதை நம்பி ஜாக்கியை வைத்தார். பெட்டியையும் இறக்கவில்லை. மேலே பொருக்கு, கீழே பொதபொதவென்று கடற்கரை மணல். ஜாக்கி பொருக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போனது. வண்டி பெட்டியோடு சாய்ந்து அவர் கணுக்காலில் விழுந்தது.

எலும்பு கூடியது. கால் மடங்கவில்லை. கட்டுப் பிரித்த அன்றே அவர் கோவிலுக்குப் போய், "இனிமே எங்க வாசல்ல யாரும் வண்டியத் தூக்க மாட்டோம் ஆத்தா" என்று சூடம் ஏற்றி நேர்ந்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் மாரியம்மாள் வண்டி பழகினாள். கடற்கரை ரோட்டில் மூன்று தடவை விழுந்தாள். நாலாவது தடவை விழவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை, முன்னால் போன பள்ளிக்கூட வேன் திடுமென்று நின்றது. பின் பிரேக்கை அழுத்தி மிதித்தும் வண்டி நிற்கவில்லை. இரண்டு காலையும் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினாள். செருப்பு அறுந்தது. வேனின் பின் கண்ணாடியில் இருந்த சின்ன முகங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

சனிக்கிழமை வியாபாரம் முடிந்ததும் நேரே ரகுநாத்தின் மெக்கானிக் கடைக்குப் போனாள்.

அவன் சாவியைக்கூட வாங்கவில்லை. "மீன் வண்டியா? நல்லாக் கழுவிட்டுச் செவ்வாய்க்கெழம கொண்டாங்க. மத்தவுக வண்டிக்கு நடுவுல இத நிப்பாட்ட முடியாது."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம தம்பி. பிரேக் சூ மட்டும் மாத்திக் குடுத்தாப் போதும்."

"செண்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி. தூக்குறதே பெரும்பாடு. வீட்லயே தூக்கிப் பாருங்களேன். ஏற்கெனவே ஒருத்தர் தூக்கிட்டு ஒக்காந்திருக்காருல்ல."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாரியம்மாள் வண்டியைத் திருப்பினாள். ஒரு ஞாயிறு அவள் போகாவிட்டால், மைக் கட்டிக்கொண்டு வருகிற மீன் வேன் அவளிடம் வாங்குகிற வீடுகளை எல்லாம் பிடித்துக்கொள்ளும். பிரேக் இல்லாமல் போனாலோ, அந்தச் சின்ன முகங்கள். பக்கத்து உதிரிபாகக் கடையில் ஒரு ஜோடி பிரேக் சூ வாங்கினாள். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் வீடு வந்தாள்.

அவள் அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ராபியாவின் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுடைய கார் படுதா போர்த்திக் கொட்டகையில் நிற்கிறது.

"லாத்தா, காரு ஜாக்கி வேணும்."

"எதுக்கு மாரி?"

"வண்டியத் தூக்க."

"யாரு தூக்குறா?"

"நாந்தான்."

"அல்லாவே. ஒங்க வீட்டுல ஒரு காலு போனது பத்தாதா?"

"மிச்சக் கால் மூணையும் காப்பாத்தத்தான் லாத்தா கேக்குறேன்."

ராபியா டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்துக் கொடுத்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவளும் கூடவே வந்தாள்.

ஜாக்கியைப் பார்த்ததும் திண்ணைக் கட்டிலில் இருந்த அடைக்கலத்தின் முகம் மாறியது. "மாரி, அத அங்கிட்டுக் கொண்டு போயிரு. நா ஆத்தாகிட்ட நேந்திருக்கேன்."

"நேந்தது நீங்க. ஆத்தா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. பிரேக் இல்லாத வண்டியில போயி புள்ளைக மேல ஏத்துன்னு அவ சொல்லவும் மாட்டா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரியம்மாள் முதலில் பெட்டியை அவிழ்த்து இறக்கினாள். கழுவுகிற இடத்தின் பக்கமே போகாமல், வண்டியைப் பூவரச மரத்தடிக்குத் தள்ளினாள். அங்கே மேல் மணலை மண்வெட்டியால் வழித்து, கெட்டி மண் தெரிந்ததும் ஒரு படகுப் பலகையைப் போட்டு அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தாள். அமுங்கவில்லை. ஜாக்கிக்கு இதுதான் தரை.

பிறகு வண்டியைப் படகு கட்டுகிற மாதிரி கட்டினாள். காற்றடித்தால் படகு எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு போடுவார்கள் அல்லவா, அப்படித்தான். ஹேண்டில்பாரிலிருந்து மரத்துக்கு ஒரு கயிறு, எதிர்ப்பக்கம் அடித்த முளைக்கு ஒரு கயிறு. பின்னால் கேரியரிலிருந்தும் அதே போல இரண்டு. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வலைநூலால் கைப்பிடியோடு இறுகக் கட்டினாள். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தாள்.

"இந்தக் கொழாயி வாட்டமா இருக்கே, இதுக்கடியில வையேன்" என்றாள் ராபியா.

"அது சைலென்சரு லாத்தா. அப்பளமா நசுங்கிரும்."

என்ஜினுக்குப் பின்னால், பழைய ஸ்டாண்டு மாட்டியிருந்த சட்டத்தின் குறுக்கு இரும்பு உறுதியாக இருந்தது. அதன் கீழே டயர்த்துண்டு ஒன்றை வைத்து, ஜாக்கியை முட்டக் கொடுத்தாள். "தாயே" என்று சொல்லித் திருகினாள். கயிறுகள் விறைத்தன. பின் சக்கரம் தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பியது. ராபியா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

சக்கரத்து நட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தாள் மாரியம்மாள். நட்டு அசையவில்லை. உப்பில் துருவேறிப் பிடித்திருந்தது. இன்னும் பலமாக இழுத்தாள். வண்டி மொத்தமும் ஜாக்கியின் மேல் ஆடியது. மரத்துக் கயிறு கிறீச்சென்று சத்தம் போட்டது.

சட்டென்று கையை எடுத்தாள்.

கட்டிலில் அடைக்கலம் எழுந்து உட்கார்ந்திருந்தார். "சொன்னேன்ல. கேட்டியா? விட்ரு மாரி."

அவள் ஜாக்கியைத் திருப்பித் திருகினாள். சக்கரம் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

"அந்தமட்டுக்குப் புத்தி வந்துச்சே" என்றார் அவர்.

"விடுறதுக்கு எறக்கல. நட்டத் தரையில வச்சே இளக்கிட்டு, மறுபடி தூக்கத்தான் எறக்குனேன்."

படகு டீசலைக் கொஞ்சம் நட்டில் ஊற்றி ஊறவிட்டாள். சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் மேல் ஏறி நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை டீசல், இன்னொரு தடவை ஏறி நின்றாள். படக் என்று ஒரு சத்தம். நட்டு இளகிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் கட்டில் காலி. அடைக்கலம் கம்பை ஊன்றிக்கொண்டு மரத்தடியில் நின்றார். அவள் போட்ட முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"பாரம் விழுந்தா இந்தக் கட்டு நழுவும். எத்தன வருசமா கரையில இருக்க, ஒரு கட்டு கட்டத் தெரியல." புதிதாக ஒரு கட்டுப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"நேந்துகிட்டது என்னாச்சு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ தூக்கு. தூக்குனதும் சட்டத்துக்கு அடியில ஒரு கட்டையக் குடுத்துட்டு அப்புறம் கைய விடு."

இரண்டாம் தடவை வண்டி ஆடவில்லை. கட்டையும் கொடுத்தாகிவிட்டது. பிரேக் கம்பியைக் கழற்றி, இளகிய நட்டைக் கையாலேயே சுழற்றி எடுத்து, அச்சைத் தட்டி உருவினாள். சக்கரம் அவள் மடியில் வந்து விழுந்தது. உள்ளே தேய்ந்த சூவும் உப்புச் சேறும் கறுப்பாக அப்பியிருந்தன. துடைத்துவிட்டுப் புதுசை மாட்டினாள். பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டு ராபியா எழுந்து போகும்போது, சக்கரம் திரும்ப மாட்டி, வண்டி தரையில் நின்றது. தள்ளிக்கொண்டே பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். மரத்தில் முட்டியது போல நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டி நிறைய மீனோடு போனவள், ரகுநாத் கடைக்கு நேர் எதிரே வேண்டுமென்றே பிரேக் போட்டாள். வண்டி ஒரு முழம்கூட நகரவில்லை.

கடையைத் திறந்துகொண்டிருந்த ரகுநாத் பின் சக்கரத்தைப் பார்த்தான். "யாரு மாத்துனா?"

"நாந்தான். வீட்லயே தூக்கிப் பாக்கச் சொன்னீங்கள்ல."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். "சங்கரா இருக்காக்கா? ஒரு கிலோ போடுங்க."

"நல்ல சங்கரா இருக்கு. ஆனா நாத்தமடிக்குமே தம்பி. நல்லாக் கழுவிட்டுச் செவ்வாய்க்கெழம கொண்டாரேன்."

கியரைப் போட்டாள். அறந்தாங்கி ரோட்டில் இன்னும் மீன் வேனின் மைக் சத்தம் கேட்கவில்லை.