பேராசிரியர் மங்கலாக்கிய முகம்

எங்கள் பேராசிரியர் சீனத் தொலைக்காட்சியின் தணிக்கை பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். ஒரு சீனத் தொடரையாவது முழுதாகப் பார்த்திருப்பாரா என்று கேட்காதீர்கள். பத்து நிமிடத்திலேயே தலையிடி வந்துவிடுமாம். பார்க்கிற வேலைக்கு நான் இருந்தேன், சீன மொழி படித்துவிட்டு முனைவர் பட்டம் என்று அவரிடம் போய் மாட்டிக்கொண்ட யாழ்ப்பாணத்து அகதிகளின் மகள். அவருக்கு வேண்டியது ஒடுக்கப்பட்ட பார்வையாளர்கள். கண்ணீரோடு கிடைத்தால் இன்னும் விசேஷம்.

நான் பேட்டி கண்டவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெர்மனியில், ஹம்பேர்க் நகரத்து மாணவர் விடுதியொன்றில் வெள்ளிக்கிழமைகளில் கூடித் தொடர் பார்க்கும் சீனப் பிள்ளைகள் அவர்கள். ஆண்கள் தோடு போடுவதை அங்கே திரையில் காட்டக்கூடாதாம்; நடிகனின் காதை மங்கலாக்கியிருந்தால், "தோடு போட்டிருக்கிறான்!" என்று கத்துவார்கள். உதடு ஒன்றும் ஒலி வேறொன்றும் சொன்னால், உதட்டைப் பார்த்தே வெட்டுப்பட்ட வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். மறைத்த இடத்துக்குத்தான் அவர்கள் கண் முதலில் போகும். அதை எழுதிக் கொடுத்தேன். "சுவாரசியம்தான், ஆனால் துயரம் போதாது" என்றார் மகான்.

அவர்களில் ஒருத்தி மட்டும் ஒருநாள் சிரிக்காமல் பேசினாள். ஊரில் அவளுடைய தாய்க்கு ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் காட்சிகளை வெட்டுகிற வேலை. மேலிடத்திலிருந்து அழைப்பு வரும், தாய் வெட்டுவார், வீட்டுக்கு வந்து திட்டித் தீர்ப்பார். ஆய்வுக்கு மட்டும், வெளியே காட்டக்கூடாது என்று சொல்லித்தான் படம்பிடிக்க விட்டாள். வெளியே தெரிந்தால் தாயின் வேலை போய்விடும்.

பேராசிரியர் அதைப் பார்த்தார். கண் பளபளத்தது. பொது விரிவுரையில் காட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"அவள் மாட்டேன் என்கிறாள்" என்றேன்.

"முகத்தை மங்கலாக்கிவிடுவோம். யாருக்குத் தெரியும்?"

"குரல்?"

"குரலில்தானே உயிர் இருக்கிறது!"

உயிராம்! அன்று மாலை வுப்பர்டாலில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் கொட்டித் தீர்த்தேன். "உந்த மனுசன் உண்மையிலயே படிச்சவரோ?" என்றார் அம்மா. "முகத்தை மூடினா போதுமே? கதைக்கிற விதத்திலயே ஆரெண்டு பிடிச்சுப்போடுவினம். எங்களுக்குத் தெரியாததே? விடாத பிள்ளை, சண்டை பிடி."

பிடித்தேன். மறுபடியும் பிடித்தேன். நான் உணர்ச்சிவசப்படுகிறேனாம், விஞ்ஞானத் தூரம் வேண்டுமாம். பதிவு எங்கள் ஆய்வு நிறுவனத்தின் கணினியில் இருந்தது. எடுத்துப் போட அவருக்கு என் தயவு தேவைப்படவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. பெரிய திரையில் கஞ்சி ஊற்றியதுபோல ஒரு முகம். அதிலிருந்து அவள் குரல் அச்சு அசலாக வந்தது. எனக்கு முன்வரிசையில் விடுதியில் நான் ஒருநாளும் பார்த்திராத இரண்டு சீனர்கள் இருந்தார்கள். முதல் வசனம் முடியவில்லை, ஒருவன் மற்றவனின் காதில் அவள் பெயரைச் சொன்னான். மற்றவன் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம்பிடித்தான். பேராசிரியர் துணிச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். யாருடைய துணிச்சலோ! கைதட்டினார்கள். பிறகு வைன் குடித்தார்கள்.

சில வாரங்களில் அவள் என்னிடம் வந்தாள். நிற்கக்கூட இல்லை. "அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனி எனக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள்" என்றாள்.

நேரே பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். கொஞ்சம் வெட்கப்படுவார் என்று நானும் நம்பிவிட்டேன், பாருங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் மலர்ந்தது.

"அந்தத் தாய் பேட்டி தருவாரா, கேட்டுப் பாருங்கள்" என்றார். "இனி அவருக்கு இழக்க ஒன்றும் இல்லைத்தானே."